முப்பதைத் தாண்டாத கார்

என் மாமனார் புதுச் செருப்பு வாங்கினால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். விளக்கெண்ணெய் நாற்றம் கூடம்வரை வரும். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்து, மறுபடி எண்ணெய் தடவி, பிறகு சாயங்காலத்தில் கொல்லைப் பக்கம் மட்டும் போட்டுக்கொண்டு கொஞ்சம் நடப்பார். வெளியே போகப் பழைய செருப்புதான். பழையதன் வார் அறுந்து, ஆணி குத்தி, நொண்டிக்கொண்டு நெல் மிஷினுக்குப் போவாரே தவிரப் புதியதைத் தொடமாட்டார். கேட்டால் ஒரே பதில்.

"பயகட்டும்மா. தோலுக்குக் காலத் தெரியணும், காலுக்குத் தோலத் தெரியணும். அதுக்குள்ள இன்னா அவசரம்?"

செருப்பு மட்டும் இல்லை. புதுச் சட்டி வந்தால் அதில் நாள்கணக்கில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைக்கவேண்டும். புது அம்மி வந்தால் முதலில் உமி, பிறகு தவிடு, அப்புறம் நொய், எல்லாம் அரைத்துக் கொட்டின பிறகுதான் மிளகாய். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் மற்ற வீடுகளில் பெண்கள் செய்வார்கள். எங்கள் வீட்டில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்துவிடலாமா என்று கேட்டால், ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்பார்.

உத்திரமேரூரில் நெல் மிஷின் வைத்திருந்தார். கொஞ்சம் நிலமும் இருந்தது. மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கணவனை இழந்த தங்கையைக் கூட்டி வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஒரே பிள்ளை, என் கணவர், சென்னையில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்தார். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவார். ஆகவே நான் வாழ்க்கைப்பட்டது என் கணவருக்கு என்றாலும், குடும்பம் நடத்தியது மாமனாரோடும் அத்தையோடும்தான்.

செங்கல்பட்டிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரம், அத்தை என் கையில் பெரிய பித்தளைத் தவலையைக் கொடுத்துக் கிணற்றுக்குப் போகச் சொன்னார். மாமனார் வாசலில் நின்று அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"அவ புதுசு. ஒரு வருசம் போவட்டும். சின்ன கொடம் குடு."

"இன்னாண்ணா இது? மாட்டுக்குச் சொல்றதயே மருமவளுக்கும் சொல்லிக்கினு கீற?"

"மாடுன்னா இன்னா, மனுசன்னா இன்னா? புதுசு புதுசுதான்."

அந்த வீட்டில் புது மாட்டுக்கு முதல் மாதம் ஏர் கிடையாது. வெறும் மரக்கட்டையைக் கட்டி இழுக்கவிடுவார்கள். மிஷினுக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஆளுக்கு முதலில் முழு மூட்டை கிடையாது, அரை மூட்டைதான் தூக்கவேண்டும். சேரியிலிருந்து வந்தவனும் சரி, எங்கிருந்து வந்தவனும் சரி, எல்லாருக்கும் இதே சட்டம். எனக்கும் அதே சட்டம் என்று தெரிந்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். என்னோடு கல்யாணமாகிப் போன தோழிகள் எல்லாம் முதல் மாதமே இடுப்பு ஒடிய வேலை செய்துகொண்டிருந்தார்கள். என்னை மட்டும் ஒருத்தர் சின்னக் குடத்தோடு அனுப்புகிறார். என்னைப் பெற்றவரே என்னிடம் அப்படி இருந்ததில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு உண்மையாகவே பாசம் வந்துவிட்டது. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவதைப் படிக்கிறவர்கள் அவரை ஏதோ கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுவார்கள். அவர் கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நான் வந்த வருஷம் கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வைத்தார். கோடை, நெல் பால் பிடிக்கிற சமயம். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் வரப்பில் வந்து நின்று, இனிமேல் உனக்கென்ன கவலை என்றார்கள். இவரோ இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவதும் நிறுத்துவதும் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தார். தண்ணீர் முதல் இரண்டு பாத்திக்குப் பாய்ந்ததும் நிறுத்திவிடுவார். கடைசிக் கழனி வெடித்துப் போயிற்று. கதிர் பதராகிவிட்டது. இன்ஜினை நாள் முழுதும் ஓட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஊரே சொன்னது. அவர் காய்ந்த கதிரைக் கையில் கசக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"இன்ஜின் இருவது வருசம் ஓடணும். நெல்லு அடுத்த போகம் வந்துட்டுப் போவுது."

அவர் சொன்னது தப்பில்லை. அடுத்த போகம் வந்தது. அந்த இன்ஜினும் கடைசிவரை ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. ஊரில் பின்னால் இன்ஜின் வாங்கினவர்கள் எல்லாம் அவரிடம் வந்து எப்படி ஓட்டுவது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தான் செய்வது சரி என்று அவருக்கு இருந்த நம்பிக்கை கெட்டியானது அப்போதுதான்.

கார் வந்தது நான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது. ஐம்பதுகளின் கடைசி அது. கறுப்புக் கார். டிரைவராக ஏகாம்பரத்தை வைத்தார். முன்பு லாரி ஓட்டியவன், வாயும் கையும் வேகம். இருவரும் சென்னைக்குப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். காலையில் கிளம்பிய கார் சாயங்காலம் விளக்கு வைக்கும்போதுதான் வந்து சேர்ந்தது. ஏகாம்பரம் இறங்கி, யாரும் கேட்காமலேயே அத்தையிடம் முறையிட்டான்.

"நடந்தே வந்திருக்கலாம்மா. மாட்டு வண்டிக்காரன்லாம் என்னைப் பார்த்து சிரிக்கிறான். பேஜாரா பூட்ச்சி."

கார் கொடுத்த கம்பெனியில் ஒரு ஆள் இவர்களை உட்காரவைத்துப் புது இன்ஜினை எப்படிப் பழக்குவது என்று சொல்லியிருக்கிறான். ஏகாம்பரம் அதை சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் மறந்துவிட்டான். மாமனாருக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. முதல் ஐந்நூறு மைல் வரைக்கும் வேகம் காட்டும் முள் முப்பதைத் தாண்டக் கூடாது. ஏற்றத்தில் திணறவிடக் கூடாது. சூடேற விடக் கூடாது. ஐந்நூறு முடிந்ததும் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றவேண்டும். வந்தவர் போனவர் எல்லாருக்கும் பானட்டைத் திறந்து காட்டிச் சொல்லுவார்.

"உள்ள கீற இரும்பு இன்னும் சொரசொரன்னு கீது. ஒண்ணோட ஒண்ணு ஒராஞ்சி ஒராஞ்சி வயவயன்னு ஆவணும். அதுக்குள்ள வெரட்டினா சூடேறி கெட்டியா புடிச்சிக்கும். அப்பால வண்டி அசையாது, நட்டாத்துல நிக்க வேண்டியதுதான்."

நட்டாற்றில் என்று அவர் சொன்னது பேச்சுக்குச் சொன்னதல்ல. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்தவாசிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் புதுக் கார் வாங்கி, வாங்கின கையோடு விரட்டிக்கொண்டு வந்தாராம். பாலாற்று மணலில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. அதைக் கரையேற்றியது எங்கள் வீட்டு மாடுகள்தான். மாமனாரே கூடப் போய், வெயிலில் நின்று, கயிறு கட்டி இழுத்து விட்டார். அந்த மிராசுதாரின் பெண்டாட்டியும் பிள்ளைகளும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மணலில் உட்கார்ந்திருந்ததை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்தக் காட்சி அவர் மனதில் நன்றாகப் பதிந்துபோயிருந்தது.

காரின் பின் கண்ணாடியில் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிட்டார். சென்னையில் புது வண்டிகளில் இங்கிலீஷில் எழுதியிருப்பார்கள். இவர் பெயின்டரைக் கூப்பிட்டுத் தமிழில் எழுதச் சொன்னார். 'புது வண்டி. பழகுகிறது. தாண்டிச் செல்லவும்.' ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் அதை ஒரு தடவை உரக்கப் படித்தார்கள். பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போவான். சைக்கிளில் வருகிறவன் ஜன்னலோடு சேர்ந்து மிதித்துக்கொண்டே மாமனாரிடம் நெல் விலை கேட்டுவிட்டு, பேச்சு முடிந்ததும் முன்னால் போய்விடுவான். அவருக்கு வெட்கமே கிடையாது. பலகையைச் சுட்டிக் காட்டிச் சிரிப்பார்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் கேட்டு ஒருவர் வந்தார். மெதுவாகப் போகிற வண்டிதானே, ஊர்வலத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எது என்று அவருக்கு எண்ணம். மாமனார் பதறிப்போனார். நடை வேகத்தில் ஓட்டினால் இன்ஜின் சூடேறிவிடும், அது வேகமாகப் போவதைவிட மோசம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். வந்தவர், இதற்கு 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாமே என்று எழுந்து போனார். நானும் அத்தையும் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். அப்போதெல்லாம் எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பத்து மைலுக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, கை பொறுக்கும்வரை ஆறவிடவேண்டும் என்று இன்னொரு சட்டமும் இருந்தது. அதையும் கம்பெனிக்காரன் சொன்னதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனிக்காரன் அப்படி எதுவும் சொல்லவில்லை, அது மாமனார் தாமாகச் சேர்த்துக்கொண்டது என்று ஏகாம்பரம் வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னான். கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் ஆச்சரியமாக இல்லை. யாராவது ஒரு பங்கு ஜாக்கிரதை என்றால் அவர் இரண்டு பங்காக்குவார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் பிரசவம் தாய் வீட்டில். அம்மாவும் அண்ணனும் என்னை அழைத்துப்போக வந்திருந்தார்கள். பை கட்டியாயிற்று. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமனார் குறுக்கே வந்தார்.

"இந்த ரோட்டுல பஸ்ல இஸ்துக்கினு போறீங்களா? குலுக்கற குலுக்கல்ல இன்னாவது ஆச்சின்னா? வண்டி பயகி முடிய இன்னும் கொஞ்ச நாளுதான். அப்பால நானே மெத்த போட்டு, நோவாம கொண்டாந்து வுடறேன்."

"அதான் வண்டி ஓடுதே மாமா, இப்பவே அதுல அனுப்பலாமே" என்றான் அண்ணன்.

"செங்கல்பட்டுத் தூரம் அதுக்கு இப்ப ஆவாது தம்பி. பொறுங்க."

அம்மாவுக்கு மனதுக்குள் பெருமை. மகள் பிரசவத்துக்குப் புதுக் காரில் வந்து இறங்குவதை நினைத்துப் பார்த்திருப்பாள். அதனால் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டாள். பாவம், அவளும் பிறகு சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் வாசலில் நின்று பஸ் போவதைப் பார்த்தேன். எனக்கும் காரில் போக ஆசைதான்.

ஏகாம்பரம் தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய் வருவான். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து போவார். திரும்பியதும் கூடத்துக்கு வந்து இன்னும் எத்தனை மைல் பாக்கி என்று எனக்குச் சொல்லுவார். எனக்காகத்தான் அவசரப்படுகிறார் என்று தோன்றும். அவசரம் என்றால் அவர் கணக்கில் அவசரம். ஐந்நூறை முடிப்பதற்காகக்கூட முள் முப்பதைத் தாண்டவில்லை.

எட்டாம் மாதம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம், எனக்கு வலி எடுத்தது. சூட்டு வலி என்று அத்தை சீரகத் தண்ணீர் கொடுத்தார். கேட்கவில்லை. தெருக்கோடி மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மாமனாரிடம் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"புள்ள குறுக்கால கீது. என் கையால ஆவாது. காஞ்சிபுரம் கொண்டுக்கினு போங்க. ஒடனே போங்க."

அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. கார் இருக்கும்போது பஸ்ஸுக்கு யார் காத்திருப்பார்கள்? மாமனாரே தலையணைகளை எடுத்துவந்து பின் சீட்டில் போட்டார்.  நான் அத்தை மடியில் தலை வைத்துப் படுத்தேன். முன்னால் ஏகாம்பரம், அவன் பக்கத்தில் மாமனார்.

ஊர் தாண்டியதும் ஏகாம்பரம் கேட்டான்.

"அழுத்தட்டுமா மொதலாளி?"

"முப்பது."

"ரோடு காலியா கீது மொதலாளி."

"ரோடு காலியா இருந்தா இன்னா? இன்ஜின் இறுக்கிக்கினா நடு ரோட்டுல நிப்போம். முன்னாலயும் போவ முடியாது, பின்னாலயும் போவ முடியாது. அவ செத்துப் பூடுவாடா."

 பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். "பயப்படாதம்மா. மெதுவா போனாலும் நிக்காம போயிடலாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். நான் அவரை நம்பினேன். அந்த வலியிலும் நம்பினேன். புது இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாகறல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. எனக்கு ஆஸ்பத்திரி வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஜன்னலில் வெயிலும் புளியமரமும்தான் தெரிந்தன. முன்னால் பானட் திறந்திருந்தது. பத்து மைல் ஆகியிருந்தது.

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டங்களைப் பார்த்துவிட்டேன். அந்தப் புளியமர நிழலில் திறந்து நின்ற பானட்டைப்போல எதுவும் என் மனதை அறுக்கவில்லை. அத்தை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, போகலாம் அண்ணா, போகலாம் அண்ணா என்று கெஞ்சினார். மாமனார் இன்ஜின்மேல் கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். அவர் முகம் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. என்னைவிட அவர் பயந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன். பயம் அதிகமாக ஆக, தனக்குத் தெரிந்த முறையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஆறட்டும். கொஞ்சம் ஆறட்டும். ஆறினாதான் போய் சேருவோம்."

அப்போது என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தை என் புடவையை விலக்கிப் பார்த்தார். பிறகு அத்தை கத்தவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணா, கொயந்த கை வெளிய வந்துட்ச்சி."

பானட் மூடிய சத்தம் கேட்டது. எல்லாரும் ஏறினார்கள். வண்டி கிளம்புவதற்குள் பின்னாலிருந்து பஸ் வந்தது. நாங்கள் காத்திருக்க மனமில்லாமல் விட்டுவந்த அதே பஸ். பலகையில் எழுதியிருந்தபடியே எங்களைத் தாண்டிப் போயிற்று. கிளம்பின பிறகும் முள் முப்பதில்தான் நின்றது. ஏகாம்பரம் அழுதுகொண்டே ஓட்டினான் என்று அத்தை சொன்னார். மாமனார் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பாலாறு தாண்டியதும் ஓரிக்கை வந்ததும் எனக்கு ஞாபகம் இல்லை.

பெண் குழந்தை. லேடி டாக்டர் என்னைக் காப்பாற்றிவிட்டார். அதற்கு அந்த அம்மாவை இன்றைக்கும் கும்பிடுவேன். வெளியே வந்து அத்தையிடம், "குழந்தை இப்பத்தான் போயிருக்கு. கொஞ்சம் முன்னால வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்று சொன்னாராம். அத்தை தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமனார் டாக்டர் பின்னாலேயே போய்க் கேட்டாராம்.

"கொஞ்சம்னா எவ்ளோ நேரம்மா?"

டாக்டர் நின்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அரை மணி" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர்தான் ஊருக்குக் கொண்டுபோனார். அந்தப் பயணத்தைப் பற்றி ஏகாம்பரம் ஒன்றே ஒன்று சொன்னான். மாமனார் அன்றைக்கு முள்ளைப் பார்க்கவில்லை, எங்கும் நிறுத்தவும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் காலால் முப்பதுக்குமேல் அழுத்த முடியவில்லை.

சென்னையிலிருந்து வந்த என் கணவர் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சுபாவம் அப்படி. யாருமே கேட்கவில்லை. ஊரில் துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, வழியில் இன்ஜின் நின்றுபோயிருந்தால் தாயும் போயிருப்பாள், பெரியவர் நிதானமாகக் கொண்டுபோனதால் ஒரு உயிராவது தங்கியது என்று சொன்னார்கள். சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மார்பில் பால் கட்டி நெறிந்து, மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்த நாட்களில், எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொள்வேன். வேகமாகப் போயிருந்தால் இன்ஜின் இறுகியிருக்கும். வழியில் நின்றிருப்போம். நானும் போயிருப்பேன். மாமா செய்தது எனக்காகத்தான். இப்படிச் சொல்லிக்கொண்டால்தான் அவர் நீட்டிய கஞ்சியை என்னால் வாங்கிக் குடிக்க முடிந்தது.

பின்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இருவரையும் செங்கல்பட்டில்தான் பெற்றேன். ஐந்தாம் மாதமே மாமனார் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். அவர்களைத் தூக்கிக் கொஞ்சினார், கதை சொன்னார், அதற்கெல்லாம் குறைவில்லை. ஆனால் புதுச் செருப்பு வாங்கினால் வாங்கின அன்றே போட்டுக்கொண்டு, கால் முழுக்கக் கொப்புளத்தோடு வீட்டுக்கு வருவார். அத்தை ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவேன்.

நான் சொல்ல வந்தது நான் எழுந்து நடமாடத் தொடங்கிய நாளைப் பற்றி. அதுவரை கார் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. ஐந்நூறு மைல் இன்னும் முடியவில்லை. எலி போய் உட்கார்ந்தால்கூடக் கேட்க ஆள் இல்லை. அன்று காலை நான் அரிசியைக் கழுவி உலையில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். மாமனார் காரின் பின்பக்கம் நின்று பலகையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கயிறு முடிச்சு அவிழவில்லை. அறுத்துவிட்டார். பலகையைக் கொட்டகை மூலையில் வைத்தார். ஏகாம்பரத்திடம் ஏதோ சொன்னார். அவன் முதலில் மாட்டேன் என்பதுபோல நின்றான். பிறகு ஏறினான். கார் புறப்பட்ட வேகத்தில் தெருவில் இருந்த கோழிகள் பறந்தன. அப்படி ஒரு சத்தத்தை அந்தக் காரிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை.

எங்கே போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது.  அந்த இன்ஜின் உடையவேண்டும், வழியில் எங்காவது இறுகி நின்றுபோகவேண்டும், மாடு கட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டும் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். கடவுளை நான் அவ்வளவு கேட்டது அந்தக் குழந்தைக்காகக்கூட இல்லை.

கார் தானாகவே வந்தது. சாதம் இன்னும் குழைந்திருக்கவில்லை, அவ்வளவு சீக்கிரம். ஏகாம்பரம் இறங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான். மாமனார் இறங்கி நேராக என்னிடம் வந்தார். தலைமயிர் எல்லாம் கலைந்து புழுதியாக இருந்தது. தோளில் துண்டு இல்லை. காற்றில் பறந்துபோயிருக்க வேண்டும். இரண்டு படி கீழே நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி வாசல் வரிக்கும் போய்ட்டு வந்தோம்மா. எங்கியும் நிறுத்தல. அம்பதுலயே போனோம். சில எடத்துல அதுக்கு மேலயும் போச்சி."

நான் காரைப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆவலம்மா. இன்ஜினுக்கு ஒண்ணுமே ஆவல."

அவர் அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று நான் வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். மறைத்திருக்கலாம். மிஷின் வேலையாகப் போனேன் என்றிருக்கலாம். இன்ஜின் இறுகியிருக்கும் என்ற எண்ணம்தான் எனக்கு இருந்த ஒரே பிடிப்பு என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும். அல்லது, அவருக்கும் அதே பிடிப்புதான் இருந்தது, அதைத் தான் மட்டும் இழந்துவிட்டு என்னிடம் பொய்யாக வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. எப்படியானாலும், அன்றிலிருந்து என் குழந்தை சாகாமல் இருந்திருக்கும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரியாமலேயே இருந்திருக்கலாம்.

நான் திட்டுவேன், அழுவேன், ஏதாவது சொல்லுவேன் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வந்தவர்போல நின்றார். 

"சோறு வடிக்கணும் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வடித்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் அதே இடத்தில், அதே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாங்க என்று கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அத்தைதான் போய்க் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்.